பழைய செயின்சாவில் இழுவை போனால்

ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. சும்மா ரேஸ் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கிறது. மரத்தில் வைத்ததும் சத்தம் தொங்கிவிடுகிறது. பார் நாலு விரற்கடை இறங்குவதற்குள் செயின் நின்றுபோகிறது. பழைய செயின்சாக்களில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். "அண்ணே, இழுக்க மாட்டேங்குது" என்று மெக்கானிக்கிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவருவதற்கு முன்பே பாதிப் பேர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டரைத் திருகிப் பார்த்திருப்பார்கள்.

அந்த ஸ்க்ரூவைக் கடைசிவரை தொடக் கூடாது. மரத்தைத் தொடும் இடத்தில் தொடங்கி எஞ்சினை நோக்கிப் பின்னால் வர வேண்டும். முதலில் செயின், பார், பிரேக், கிளச். அடுத்து காற்று வரும் வழி, புகை போகும் வழி. அப்புறம் பெட்ரோல், கம்ப்ரஷன். இவை அத்தனையும் சரி என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். செயின்சா எஞ்சின் டூ ஸ்ட்ரோக். பைக்கில் இருப்பதுபோல அடியில் தனியாக ஆயில் கிடையாது; பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். கார்புரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் 'எச்' ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகினால் சத்தம் கூர்மையாகும், மெஷின் விசை பெற்றதுபோல இருக்கும். அதே நேரம் உள்ளே பிஸ்டன் காயத் தொடங்கியிருக்கும். மழுங்கிய செயினுக்காகக் கார்புரேட்டரைத் திருகி, நல்ல எஞ்சினைப் பிடிக்க வைத்த கதைகள் எல்லா ஊர்ப் பட்டறையிலும் உண்டு. 200 ரூபாய் அரத்தோடு முடிய வேண்டிய வேலை, சிலிண்டர் மாற்றும் வேலையாகிவிடும்.

பழசிலும் இரண்டு வகை உண்டு. உழைத்துத் தேய்ந்த பழசு ஒன்று, சும்மா கிடந்து கெட்ட பழசு ஒன்று. சவுக்குத் தோப்பிலும் மரவாடியிலும் தினமும் ஓடும் மெஷினில் செயின், ஸ்ப்ராக்கெட், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். தானே (2011 டிசம்பர் 30), வார்தா (2016 டிசம்பர் 12), கஜா (2018 நவம்பர் 16) புயல்களுக்குப் பிறகு விழுந்த மரங்களை அகற்ற வாங்கி, வேலை முடிந்ததும் மோட்டார் ரூமில் போட்டுவைத்த மெஷின்கள் இரண்டாவது வகை. அவற்றில் பிஸ்டன் புதுசாகவே இருக்கும்; ரப்பர் சம்பந்தப்பட்ட எல்லாம் போயிருக்கும். உங்கள் மெஷின் எந்த வகை என்று யோசித்துக்கொண்டு தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

முதலில் காதால் கேளுங்கள்

கழற்றுவதற்கு முன் ஒரு தடவை மரத்தில் வைத்துச் சத்தத்தைக் கவனியுங்கள். அரையடி கனமுள்ள, மண் ஒட்டாத கட்டை போதும்.

எஞ்சின் வேகம் குறையாமல் ஒரே சீராக ஓடுகிறது, ஆனால் செயின் மட்டும் நிற்கிறது என்றால் கிளச் வழுக்குகிறது. எஞ்சினும் ஓடுகிறது, செயினும் ஓடுகிறது, மரம் மட்டும் அறுபடவில்லை. நீங்கள் மேலிருந்து அமுக்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு பல்லில். எஞ்சின் சத்தமே திணறி இறங்கி, சில சமயம் அணைந்தும் போகிறது என்றால் மட்டும்தான் எஞ்சின் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் செயினையும் பாரையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். செயின் இறுகியிருந்தாலும், பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு அளவுக்கு மீறித் தேய்க்கப்பட்டிருந்தாலும் நல்ல எஞ்சினே இதே மாதிரி திணறும்.

செயினில் கை வைக்கும் முன் சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பல்

கீழே விழும் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். குறுக்கே அறுக்கும்போது கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவுபோன்ற பொடி விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. கட்டையின் வெட்டுமுகத்தில் செயினை வைத்து நீளவாக்கில் பலகை எடுக்கும்போது மட்டும் கூரான செயினிலும் தூள் பொடியாகத்தான் வரும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

தூளைவிட நம்பகமான சோதனை வெளிச்சம். மெஷினை வெயிலில் திருப்பி, ஒரு பல்லின் வெட்டும் முனையை நேருக்கு நேர் பாருங்கள். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது. மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலை கறுப்பாக முடிந்துவிடும். மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோடுதான் மழுங்கல். அது முற்றிலும் மறையும்வரை அரம் போட வேண்டும். மூன்று தடவை தேய்த்தால் போதும் என்ற கணக்கெல்லாம் லேசாக மழுங்கிய பல்லுக்குத்தான். மண்ணையோ கல்லையோ ஆணியையோ தொட்ட பல்லுக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு வேண்டியிருக்கும். தரையில் கிடக்கும் மரத்தை அறுத்து முடிக்கும்போது பார் நுனி ஒரு நொடி மண்ணைத் தொட்டாலே எல்லாப் பல்லும் போய்விடும். தென்னையிலும் பனையிலும் தண்டின் வெளிவட்டம்தான் அதிகக் கடினம்; அந்த மரங்களை அறுப்பவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே அரத்தை எடுத்தாக வேண்டும்.

அரத்தின் கனம் செயினின் பிட்சைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் தெரியும். சிறிய மெஷின்களில் வரும் தாழ்ந்த உடம்புள்ள 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம், .325 செயினுக்கு 4.8 மி.மீ., பெரிய மெஷின்களின் முழு 3/8 செயினுக்கு 5.2 மி.மீ. மேல்தகட்டின் சாய்வு பெரும்பாலான செயின்களில் 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரு பக்கமும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கமாக வளையும். வளைந்த வெட்டில் பார் சிக்கி எஞ்சின் திணறும். பல்லின் மேல் போட்டிருக்கும் சாய்கோட்டுக் குறிவரை தேய்ந்துவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டியதுதான்.

அடுத்தது, பல்லுக்கு முன்னால் சுறாத் துடுப்பாக நிற்கும் மேடு. பல் ஒரு கடிக்கு எவ்வளவு ஆழம் போகலாம் என்று தீர்மானிப்பது அதுதான். மேடு பல்முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரம் போடப் போடப் பல்லின் உயரம் குறையும். மேடு அப்படியே இருக்கும். கடைசியில் பல் கத்திபோல இருந்தும் மரத்தில் இறங்காது. "நேத்துதான் அரம் போட்டேன், அப்பவும் இழுக்கலை" என்று சொல்பவர்களின் மெஷினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இதன் எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. கிரைண்டரை வைத்துக் கண்மதிப்பில் மேட்டைத் தேய்த்துவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு பல்லும் தாங்காத அளவு கடிக்கும். மெஷின் குதிக்கும், செயின் கொக்கிபோட்டு நிற்கும், எஞ்சினில் சக்தி இல்லாததுபோலவே தெரியும். கிக்பேக் ஆகி மெஷின் முகத்துக்கு எகிறும் ஆபத்தும் அதிகம். மேட்டை அளக்கும் தகடு கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அது இல்லாமல் மேட்டைத் தொடாதீர்கள். தகட்டைப் பல்லின் மேல் வைத்து, துவாரத்துக்கு வெளியே துருத்தும் பகுதியை மட்டும் தட்டை அரத்தால் சமப்படுத்தி, முன்விளிம்பைப் பழையபடி உருட்டிவிடுங்கள்.

செயினைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதுச் செயின் போட்ட அன்றே இழுவை போனால் பெரும்பாலும் காரணம் இதுதான். பாரின் மேல்விளிம்பில் பல்லின் வெட்டும் முனை பார் நுனியை நோக்கி இருக்க வேண்டும்.

பார், ஸ்ப்ராக்கெட், பிரேக், கிளச்

செயின் பிரேக்கை விடுவித்துவிட்டு, கையுறைக் கையால் செயினைப் பார் மேல் இழுங்கள். வழுவழுவென்று போக வேண்டும். இறுகினால் முதலில் டென்ஷனைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் இறுகினால் பாரைக் கழற்றி, பள்ளத்துக்குள் கெட்டிப்பட்ட தூளைத் தகட்டால் வழித்தெடுங்கள். பாரின் நுனியில் இருக்கும் சிறு பல்சக்கரம் கையால் சுழல்கிறதா? பள்ளத்தின் இரு விளிம்பும் ஒரே உயரமா? எங்காவது நசுங்கிக் குறுகியிருக்கிறதா? விளிம்பில் மடிந்து நிற்கும் இரும்புச் சிலும்பைத் தட்டை அரத்தால் எடுத்துவிடலாம். செயினைப் பள்ளத்தில் வைத்து இடவலமாகச் சாய்த்துப் பாருங்கள். தாராளமாகச் சாய்ந்தால் பள்ளம் அகன்றுவிட்டது, பாரின் ஆயுள் முடிந்தது.

பாருக்கு ஆயில் வருகிறதா என்று பார்ப்பது எளிது. வெளுத்த அட்டையையோ வெட்டிய கட்டையின் முகத்தையோ நோக்கி நுனியைக் காட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு ரேஸ் கொடுங்கள். சில நொடிகளில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரின் அடியில் உள்ள ஆயில் துளை அடைத்திருக்கும், அல்லது பம்ப் போயிருக்கும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பாருக்கு ஊற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதிலிருக்கும் இரும்புத் துகளும் கசடும் பம்பையும் அடைக்கும், பாரையும் தின்னும். ஆயில் இல்லாமல் உரசும் செயின், எஞ்சின் தரும் விசையில் கணிசமான பங்கை வெறும் சூடாக்கிவிடும்.

ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த தடம் அரை மி.மீ. ஆழத்தைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் இரண்டு வாரத்தில் அதுவும் பழையதாகும்.

கிளச் டிரம்மின் நிறத்தைப் பாருங்கள். நீலம் ஓடியிருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. ஒன்று, பிரேக் பட்டை முழுதாக விடாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கிறது. அல்லது கிளச் ஷூ தேய்ந்து வழுக்குகிறது. பக்கவாட்டு மூடிக்குள் ஆயிலில் ஊறிய தூள் அடைத்திருந்தால் பிரேக் பட்டை திரும்ப இடமில்லாமல் நிற்கும். சுத்தம் செய்தாலே பல மெஷின்களில் இழுவை திரும்பிவிடும். கிளச்சைக் கழற்ற வேண்டுமானால் ஒன்றை மறக்காதீர்கள்: பெரும்பாலான செயின்சாக்களில் கிளச்சுக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டனை நிறுத்த, பிளக் துளை வழியாக முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றை உள்ளே விடுங்கள்; இரும்பு எதையும் விடாதீர்கள்.

பாரின் நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 45 சி.சி. மெஷின் 16 அல்லது 18 அங்குல பாருக்குத்தான் ஏற்றது. பெரிய மரம் வந்தது என்று 22 அங்குல பார் மாட்டி, முழு நீளத்தையும் வேங்கையிலோ புளியமரத்திலோ புதைத்தால் எந்த எஞ்சினும் திணறத்தான் செய்யும். அங்கே பழுது என்று எதுவும் இல்லை.

காற்றும் புகையும்

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு கட்டையை அறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்; ஒரு நிமிடத் தூள் போதும், சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வலை வழியாக வெளிச்சம் வர வேண்டும். ஆயில் பிசுக்கோடு இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்தி மாட்டுங்கள். அப்படியே மேல்மூடியைத் திறந்து சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் கெட்டியாகிப்போன தூளைக் குச்சியால் குத்தி எடுங்கள். குளிர்காற்று படாத சிலிண்டர் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சூடானதும் தொங்கிவிடும்.

சைலன்சரைப் பலர் மறந்தே போகிறார்கள். கைக்கு வந்த அளவு ஆயில் ஊற்றி ஓட்டிய மெஷினிலும், பைக் எஞ்சின் ஆயிலைக் கலந்து ஓட்டிய மெஷினிலும் சைலன்சர் வாயிலுள்ள சிறு கம்பிவலை கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். புகை வெளியேறாமல் புதுக் கலவை உள்ளே வராது. வலையைக் கழற்றி அடுப்பில் சுட்டு, தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். சைலன்சரையே கழற்றிவிட்டால் சிலிண்டரின் புகைவாய் தெரியும். அங்கே கரி இருந்தால் கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் அந்த வாயை முழுதாக மூடும்படி நிறுத்தி, மூங்கில் சீவலால் சுரண்டி, தூளை ஊதித் தள்ளுங்கள். இரும்பு வேண்டாம்.

சைலன்சரைக் கழற்றிய கையோடு பிஸ்டனையும் பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டனின் ஒரு பக்கம் முழுதும் தெரியும். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக, தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்து, ரிங் அலுமினியத்தில் புதைந்ததுபோல இருந்தால் கலவை வறண்டு ஓடி பிஸ்டன் காய்ந்திருக்கிறது. ரிங்குக்குக் கீழே பழுப்புக் கறை இறங்கியிருந்தால் ரிங் தேய்ந்து புகை கசிகிறது. இந்த ஒரு பார்வையில் தெரிவது, வெளியே ஒரு நாள் முழுக்க நோண்டினாலும் தெரியாது.

பிளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இடைவெளி 0.5 மி.மீ. முனை வெளிர்பழுப்பு நிறமென்றால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; அப்படி வெளுத்த பிளக்கோடு மெஷினை மேலும் ஓட்டக் கூடாது. காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும், விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து காயிலை இறுக்கினால் சரியாக வரும். ஃப்ளைவீல் சாவி நசுங்கி டைமிங் நகர்ந்திருந்தாலும் இழுவை போகும். ஸ்டார்ட் செய்யும்போது கயிறு கையைப் பிடுங்குவது அதற்கு அடையாளம்.

பெட்ரோல்

கலவை அளவு மெஷினின் புத்தகத்தில் இருக்கும். தரமான டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குப் பெரும்பாலும் 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. சாதாரண ஆயிலுக்கு 25:1, அதாவது 40 மி.லி. மூடியால் அளப்பதை விட்டுவிட்டு, கோடு போட்ட மருந்துக் குப்பியோ சிரிஞ்சோ வைத்துக்கொள்ளுங்கள். கலந்து ஒரு மாதத்துக்கு மேலான பெட்ரோலைச் செயின்சாவில் ஊற்றாதீர்கள்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, இப்போது நாடு முழுவதும் அதுதான் வழக்கமான பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எனவே பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அன்றைய பெட்ரோலுக்காகத் திருகிவைத்த கார்புரேட்டரில் இன்றைய பெட்ரோல் ஓடினால், எதையும் தொடாமலேயே கலவை வறண்டுவிடுகிறது. கையால் திருகும் ஸ்க்ரூ உள்ள பழைய மெஷின்களுக்கு எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றுதான் அவற்றின் புத்தகங்கள் சொல்கின்றன. எத்தனால் பழைய ரப்பர் டியூபையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பெட்ரோல் ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். அந்த அடுக்கில் எஞ்சினுக்கு வேண்டிய ஆயில் அநேகமாக இருக்காது. சந்தேகமிருந்தால் டேங்க்கிலிருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கோ கலங்கலோ தெரிந்தால் மொத்தத்தையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

டேங்க்குக்குள் இருக்கும் ஃபில்டரைக் கொக்கிக் கம்பியால் வாய்வரை இழுத்து மாற்றுங்கள்; விலை அற்பம். இழுக்கும்போதே டியூபையும் வளைத்துப் பாருங்கள். டேங்க் சுவரைத் துளைத்து வரும் இடத்தில்தான் அது வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்று உறிஞ்சப்படுவதால் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போதும், முழு ரேஸில் போதாது.

சில மெஷின்கள் ஐந்து நிமிடம் நன்றாக அறுத்துவிட்டுத் தொங்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி இழுக்கும். டேங்க்குக்குக் காற்று விடும் வென்ட் அடைத்திருக்கலாம். மெஷினை அணைத்து, சூடு ஆறவிட்டு, மூடி மேலே பார்க்கும்படி கிடத்தி மெல்லத் திறங்கள். உள்ளே காற்று உறிஞ்சும் சத்தம் வந்து, மூடிய பிறகு பழையபடி இழுத்தால் வென்ட்தான் காரணம். சூடான மெஷினில் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். பெட்ரோல் பீறிட்டு சைலன்சர் மேல் பட்டால் தீ பிடிக்கும்.

கம்ப்ரஷனும் கசிவும்

ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். நல்ல எஞ்சின் தன் எடையைத் தாங்கி, விட்டு விட்டுப் படிப்படியாக இறங்கும். சரசரவென்று ஒரே இறக்கமாக இறங்கினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. டீகம்ப்ரஷன் பட்டன் உள்ள பெரிய மெஷின்களில் அது மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஜ் இருந்தால் முழு ரேஸில் வைத்து, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 150 பி.எஸ்.ஐ. காட்டினால் எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். 120-க்குக் கீழே வந்தால் ஸ்டார்ட் ஆகும், ஓடும், மரத்தில் இழுக்காது. 100-க்குக் கீழே எனில் பிஸ்டன், ரிங், சிலிண்டரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சிலிண்டர் சுவரின் பூச்சு உரியாமல் இருந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவதே போதும். பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரும் போச்சு. ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். கிராங்க் பேரிங்கும் போன மெஷினுக்குப் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் எஞ்சின் திணறினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கிடந்து கெட்ட பழசுகளில் இதுதான் முக்கியக் குற்றவாளி. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அது வெடித்திருந்தால் தரையில் வைத்து ரேஸ் கொடுக்கும்போது தெரியாது. மரத்தில் சாய்த்து அழுத்தும்போது எஞ்சின் தன் ஸ்பிரிங் மேல் நகரும், குழாய் வளையும், வெடிப்பு வாய் பிளக்கும். ரேஸை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றாலோ, ஐடிலில் ஓடும் மெஷினை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்கும்போது வேகம் ஏறி இறங்கினாலோ கிராங்க் சீல் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, பழைய சைக்கிள் டியூபை வெட்டி சைலன்சருக்கு அடியிலும் கார்புரேட்டர் வாயிலும் அடைத்து, பிளக் துளை வழியாகக் கேஜ் உள்ள கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். கிராங்க்கேஸிலிருந்து கார்புரேட்டருக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் சிறு இம்பல்ஸ் குழாயையும் விட்டுவிடாதீர்கள். பெட்ரோலை உறிஞ்சும் பம்ப் அந்தத் துடிப்பால்தான் இயங்குகிறது.

கடைசியில் கார்புரேட்டர்

திருகுவதற்கு முன் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு பக்க மூடியைத் திறந்தால் பம்ப் டயாஃப்ரமும், அதனடியில் சுண்டுவிரல் நக அளவுக்கும் குறைவான ஒரு கம்பிவலையும் இருக்கும். இழுவை போன மெஷின்களில் அந்த வலை பழுப்புக் கோந்து படிந்து மூடியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மறுபக்கம் மீட்டரிங் டயாஃப்ரம். அதை விரலால் மெல்ல அமுக்குங்கள். துணிபோலத் துவள வேண்டும்; வறுத்த அப்பளம்போல மொறமொறத்தால் தன் வேலையைச் செய்யாது. டயாஃப்ரம், வலை, ஊசி எல்லாம் சேர்ந்த கிட்டாகவே வாங்கிப் போடுங்கள். லீவரின் உயரம் கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறும். பழையதைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதே உயரத்தில் வையுங்கள்.

ஸ்க்ரூக்களைத் திறப்பதற்கு முன், இறுக்கம் தட்டும்வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எழுதி வையுங்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் இருக்கை கெட்டுவிடும். 'எச்', 'எல்' இரண்டையும் ஒரு சுற்று வெளியே வைத்துத் தொடங்குவது பல மெஷின்களுக்குப் பொருந்தும்; உங்கள் மெஷினின் புத்தகம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். சுத்தமான ஃபில்டரும் கூரான செயினும் மாட்டி, ஓரிரு கட்டை அறுத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதலில் 'எல்': ஐடில் வேகம் உச்சத்துக்கு ஏறும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கொஞ்சம் இடப்பக்கம் திறந்துவையுங்கள். ரேஸ் கொடுத்தால் தயங்காமல் ஏற வேண்டும். அப்புறம் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து செயின் சுற்றாமல் நிற்கும்படி வையுங்கள்.

'எச்' ஸ்க்ரூவுக்குக் காது வேண்டும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்து, இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடிக்காமல், இடப்பக்கம் சிறிது சிறிதாகத் திறங்கள். ஒரு கட்டத்தில் சத்தத்தின் சீர் உடைந்து, கொழகொழவென்று குழறத் தொடங்கும். அந்தக் குழறல்தான் பெட்ரோலும் ஆயிலும் தாராளமாக வருகிறது என்பதற்கு அடையாளம். அங்கிருந்து வலப்பக்கம் நூலளவு திருகி, குழறல் லேசாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கட்டையில் வையுங்கள். மரத்தின் பாரம் விழுந்ததும் குழறல் மறைந்து சத்தம் சீராக வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் குழறல் திரும்ப வேண்டும். மரத்திலும் குழறினால் நூலளவு வலப்பக்கம். வெறும் ரேஸிலேயே குழறல் இல்லாமல் வீறிட்டால் உடனே இடப்பக்கம். டேக்கோமீட்டர் இருந்தால் புத்தகத்தில் சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டவிடாதீர்கள்; 40 முதல் 50 சி.சி. மெஷின்களில் அது பெரும்பாலும் 12,500 முதல் 14,000 சுற்றுக்குள் இருக்கும். இ20 பெட்ரோலில் ஓடும் பழைய மெஷினில் 'எச்' முன்பிருந்த இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திறந்திருக்கும், அது சரிதான்.

ஒரு டேங்க் அறுத்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு வந்திருந்தால் ஸ்க்ரூக்கள் நிற்கும் இடத்தை மூடிக்குள் பெயின்ட் புள்ளி வைத்து அடையாளமிட்டு, மெஷினை வேலைக்கு அனுப்பலாம். வெளுப்பு இன்னும் இருந்தால் 'எச்' ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்று திறந்து, மறுபடி ஒரு டேங்க்.